ஏற்காடு ஏற்றத்தில் செக் என்ஜின் லைட் மினுக்குகிறது, நாளை காலை இறங்கலாமா?

மலைப்பாதை78 | சனி, இரவு 8:10

குடும்பத்துடன் இன்று மதியம் ஏற்காடு ஏறினோம். கார் 2015 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. 11ஆவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி இரண்டாம் கியரில் மிதித்தபோது வண்டி உதறியது. இழுவையே இல்லை. மஞ்சள் நிறச் செக் என்ஜின் லைட் மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மினுக்கல் நின்று நிலையாக எரிந்தது. மறுபடி மிதித்தால் மறுபடி மினுக்கியது. பின்னால் பெட்ரோல் வாடை வேறு.

ஏசியை அணைத்துவிட்டு, நின்று நின்று மேலே வந்து சேர்ந்துவிட்டோம். இப்போது ஸ்டார்ட் செய்து பார்த்தால் லேசான நடுக்கம் மட்டும் இருக்கிறது, லைட் நிலையாக எரிகிறது. டெம்பரேச்சர் சரியாக இருக்கிறது, ஆயில் லைட் வரவில்லை. நாளை காலை சேலம் இறங்க வேண்டும். என்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கிவிடலாம் என்கிறார் அப்பா. செய்யலாமா?

ஷெட்_அண்ணன் | சனி, இரவு 8:31

தம்பி, என்ஜினை அணைத்துவிட்டு மலை இறங்கவே கூடாது. இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் என்ஜின் ஓடினால்தான் வரும். அணைத்தபின் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்ததும் பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சாவியை முழுவதும் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். 20 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் இதைவிட ஆபத்து வேறு இல்லை. ஒரு லைட்டைக் காப்பாற்ற ஐந்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. பாரம் ஏறும்போது மட்டும் மிஸ் ஆவதால் முதல் சந்தேகம் இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி வரவைக்கும் பாகம்) அல்லது பிளக் மேல்தான். கடைசியாக எப்போது பிளக் மாற்றினீர்கள்?

மலைப்பாதை78 | சனி, இரவு 8:40

வாங்கியதிலிருந்து மாற்றியதாக நினைவில்லை அண்ணா. வண்டியை நான் இரண்டாவது கையாக வாங்கினேன், 52,000 கி.மீ. ஓடியிருந்தபோது.

அளவுகோல் | சனி, இரவு 9:05

நிலையாக எரிவதற்கும் மினுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலையாக எரிந்தால் புகைக்கட்டுப்பாடு தொடர்பான ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். ஓரிரு நாளில் காட்டினால் போதும். மினுக்கினால், இந்த நிமிடமே கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) கெட்டுப்போகும் அளவுக்கு மிஸ்ஃபயர் (சிலிண்டர் வெடிக்காமல் போவது) நடக்கிறது என்று இசியு, அதாவது என்ஜினின் கணினி, சொல்கிறது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் பிஎஸ்4 புகை விதிக் கார்களுக்கு ஓபிடி-1 (வண்டி தன் கோளாறைத் தானே கண்காணிக்கும் அமைப்பு) வந்தது, 2013 ஏப்ரலில் ஓபிடி-2 வந்தது. உங்கள் கார் 2015 என்பதால் இந்தக் கண்காணிப்பு அதில் உண்டு.

கிராங்க் ஷாஃப்ட் சென்சார்தான் மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஒரு நூல் வேகம் கூடும். வெடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் சற்றுத் தொய்வு விழும். அந்தத் தொய்வு எந்தச் சிலிண்டரின் முறையில் விழுந்தது என்பதும் இசியுவுக்குத் தெரியும். கன்வர்ட்டருக்குக் கேடு வருமா என்பதை 200 சுற்றுக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கிறது. 3000 ஆர்பிஎம்மில் 200 சுற்று என்பது நான்கே நொடி. அதனால்தான் நீங்கள் மிதித்த சில நொடிகளில் மினுக்கியது, காலை எடுத்ததும் நின்றது.

அதே 3000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 25 முறை வெடிக்க வேண்டும். அது வெடிக்காவிட்டால் நொடிக்கு 25 தடவை எரியாத பெட்ரோலும் காற்றும் நேராகச் சைலன்சர் பக்கம் போகின்றன. கன்வர்ட்டர் ஏற்கெனவே பல நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது. இந்தக் கலவை அங்கே போய் எரிகிறது. உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும்.

வைகைக்கரை | சனி, இரவு 9:22

என் வண்டியில் நடந்தது இதுதான். எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

மூன்று வருடம் முன்பு மதுரையிலிருந்து திருச்சி போகும்போது மினுக்க ஆரம்பித்தது. ஓடுகிறதே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்குவழிச் சாலையில் முழு வேகத்தில் போனேன். அடுத்த வாரம் காயில் மாற்றினார்கள், லைட் அணைந்தது. எல்லாம் சரி என்று இருந்தேன். இரண்டு மாதத்தில் வண்டி 60க்கு மேல் போக மறுத்தது, அப்புறம் 40. மூச்சடைத்த ஆள் போல ஓடியது. கழற்றிப் பார்த்தால் கன்வர்ட்டரின் முன்பக்கம் உருகிய வெல்லப்பாகு இறுகியதுபோலப் பளபளவென்று இருந்தது. துளைகளில் பாதிக்கு மேல் மூடிக்கிடந்தன. அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் இருப்பதால் விலை எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். காயில் விலையைப் போல பல மடங்கு கொடுத்தேன்.

தம்பி, நாளை எங்காவது நிறுத்தினால் காய்ந்த புல், சருகு, வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். மிஸ்ஃபயர் ஆகும் வண்டியின் அடியில் கன்வர்ட்டர் சிவக்கச் சிவக்கக் காய்ந்திருக்கும். எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் கொள்ளையும் உளுந்தையும் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். அந்தச் செடி அடியில் சுற்றிக்கொண்டால் நல்ல வண்டியிலேயே புகையும்.

கரூர்வாசி | சனி, இரவு 9:48

இவ்வளவு பயப்பட வேண்டுமா? பேட்டரி டெர்மினலைக் கழற்றி பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். லைட் போய்விடும். எனக்கு இரண்டு முறை வேலை செய்திருக்கிறது.

ஷெட்_அண்ணன் | சனி, இரவு 10:02

கரூர் அண்ணா, உங்களுக்கு லைட் போயிருக்கும், கோளாறு போயிருக்காது. டெர்மினலைக் கழற்றினால் எரர் கோடு அழியும். அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்றும் அழியும். கோளாறு வந்த அந்த நொடியில் என்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில், எவ்வளவு பாரத்தில் ஓடியது என்று இசியு எழுதிவைத்த குறிப்பு அது. ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பாதி இப்படித் துடைத்துவிட்டுத்தான் வருகின்றன. பிறகு நாங்கள் ஒவ்வொன்றாகப் பாகத்தை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது.

மலைப்பாதை தம்பி, காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் நிறுத்தியபடியே பாருங்கள். நின்ற இடத்திலேயே மினுக்கினால் எடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸில் ரோட்சைடு உதவி இருந்தால் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். மினுக்கவில்லை என்றால் மட்டும் இறங்கலாம். அதுவும் இப்படி: குடும்பத்தைப் பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள், பாரம் குறையும். ஏசி வேண்டாம். இரண்டாம் கியரில் விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இறங்குங்கள். கியரில் இருந்து கால் எடுத்த நிலையில் இறங்கும்போது இசியு இன்ஜெக்டரையே அடைத்துவிடும். பெட்ரோலே போகாதபோது கன்வர்ட்டருக்குக் கெடுதல் இல்லை. நியூட்ரலில் விட்டால் ஐடிலில் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், பிரேக்கும் காயும்.

நெல்லைச்சீமை | சனி, இரவு 10:15

மழை நாளில் பங்க்கில் தண்ணீர் கலந்த பெட்ரோல் போட்டிருந்தாலும் இப்படி வரும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். எங்கே நிரப்பினீர்கள்?

அளவுகோல் | சனி, இரவு 10:27

நல்ல கேள்வி. ஆனால் பெட்ரோல் கெட்டிருந்தால் நான்கு சிலிண்டரும் தடுமாற வேண்டும். அப்போது பி0300 என்ற எரர் கோடு வரும், அதாவது எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். அதனால் ஸ்கேனர் போடாமல் காரணம் தேட வேண்டாம். ஸ்டீயரிங் அடியில் 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கினால் போனிலேயே படிக்கலாம். இரண்டாவது கை வண்டி வைத்திருக்கும் எவருக்கும் அது ஸ்டெப்னி மாதிரி.

மலைப்பாதை78 | ஞாயிறு, பகல் 12:50

பத்திரமாக இறங்கிவிட்டேன். அம்மா, அப்பா, பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். ஷெட் அண்ணன் சொன்னபடியே இரண்டாம் கியர், கால் எடுத்தே வந்தேன். இடையில் ஒரு சின்ன ஏற்றத்தில் மட்டும் ஐந்தாறு முறை மினுக்கியது. அடிவாரத்தில் நிறுத்தியபோது வண்டிக்கு அடியிலிருந்து அடுப்பங்கரை போலச் சூடு வந்தது. டாங்கிள் ஆர்டர் போட்டாயிற்று. அதுவரை வண்டியைத் தொடமாட்டேன்.

மலைப்பாதை78 | புதன், மாலை 6:35

டாங்கிள் வந்தது. கோடு ஒன்றே ஒன்று: பி0303. ஃப்ரீஸ் ஃப்ரேமில் உள்ளவை: 2,700 ஆர்பிஎம், லோடு 88 சதவீதம், கூலன்ட் 94 டிகிரி, வேகம் 37 கி.மீ., லாங் டேர்ம் ஃபியூவல் டிரிம் +3.

அளவுகோல் | புதன், மாலை 7:10

எண்களே கதையைச் சொல்கின்றன. என்ஜின் முழுச்சூட்டில் இருக்கிறது, பாரம் உச்சத்தில் இருக்கிறது, அது உங்கள் 11ஆவது வளைவேதான். டிரிம் என்பது இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, +3 என்பது சாதாரணம். எங்காவது காற்றுக் கசிவோ பம்ப் பலவீனமோ இருந்திருந்தால் இசியு பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி அது பத்துக்கு மேல் போயிருக்கும். நெல்லைச்சீமை அண்ணனின் சந்தேகத்தையும் இதனால் ஒதுக்கலாம். பிரச்சினை மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் சொந்தமானது. காயில், பிளக், இன்ஜெக்டர், அதன் வயர், கம்ப்ரஷன். இவற்றில் ஒன்று.

பாரத்தில் மட்டும் வருவது ஏன் காயிலைக் காட்டுகிறது என்றால், சிலிண்டரில் அழுத்தம் கூடக் கூடப் பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவை. பலவீனமான காயில் ஐடிலில் சமாளித்துவிடும், ஏற்றத்தில் கைவிட்டுவிடும்.

ஷெட்_அண்ணன் | புதன், இரவு 8:00

காசு செலவில்லாத சோதனை இருக்கிறது. என்ஜின் ஆறிய பிறகு மூன்றாம் காயிலையும் முதல் காயிலையும் இடம் மாற்றுங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். எரர் கோடை எழுதிவைத்துக்கொண்டு அழித்துவிட்டு, பக்கத்தில் ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். முதல் மினுக்கலிலேயே காலை எடுத்துவிட வேண்டும். கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான். பி0303ஆகவே இருந்தால் அடுத்துப் பிளக்கை மாற்றிப் பார்ப்போம். அதன்பின்தான் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கார்புரேட்டர் காலத்தில் ஓடும் என்ஜினில் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பார்ப்போம். நானும் அப்படித்தான் தொழில் கற்றேன். இந்த வண்டிகளில் காயில் பிளக் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது பிடுங்கினால் ஷாக் அடிக்கும், காயில் எரியும், பெட்ரோல் நேராகக் கன்வர்ட்டருக்குப் போகும். எந்தச் சிலிண்டர் என்று பார்க்க வேண்டுமானால் இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றுங்கள், பெட்ரோலே நின்றுவிடும். வழியில் மாட்டிக்கொண்டால்கூடச் செத்த சிலிண்டரின் இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மெதுவாக ஷெட்டுக்கு வரலாம்.

அளவுகோல் | புதன், இரவு 8:14

அண்ணா, கடைசி வரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். பெட்ரோல் நின்றாலும் அந்தச் சிலிண்டர் வழியே வெறும் காற்று போய்க்கொண்டிருக்கும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து, மற்ற மூன்று சிலிண்டருக்கும் கூட்டிவிடும். எனவே சில கிலோமீட்டருக்கு மட்டும் அது சரி. ஊர் விட்டு ஊர் போக வேண்டாம்.

ஷெட்_அண்ணன் | புதன், இரவு 8:20

சரிதான். சில கிலோமீட்டர், அதற்கு மேல் கட்டியிழுப்பதே நல்லது.

மலைப்பாதை78 | வியாழன், இரவு 7:45

இடம் மாற்றினேன். மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் மினுக்கியது, உடனே காலை எடுத்தேன். கோடு பி0301! காயில்தான். நாளை பக்கத்து ஷெட்டில் புதுக் காயில் போடச் சொல்லியிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

வைகைக்கரை | வியாழன், இரவு 8:30

நல்லது தம்பி. பிளக் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். தேய்ந்த பிளக்கின் இடைவெளி அகன்றிருக்கும், புதுக் காயிலையும் அது வேலை வாங்கும்.

ஷெட்_அண்ணன் | வெள்ளி, காலை 7:05

தம்பி, காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? காயில் எதனால் செத்தது என்று தெரிய வேண்டும். தண்ணீர் இருந்ததா, ஆயில் இருந்ததா, எலி கடித்ததா? சொல்லுங்கள்.

மலைப்பாதை78 | அடுத்த ஞாயிறு, காலை 10:20

மறுபடி மினுக்குகிறது. ஒன்பது நாள் நன்றாக ஓடியது. இன்று காலை அரூர் பக்கம் ஓர் ஏற்றத்தில் அதே உதறல், அதே வாடை. கோடு பார்த்தேன், பி0303. புதுக் காயில் போட்ட அதே இடம். பிளக் மாற்றச் சொன்னேன், நன்றாகத்தான் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்றார் ஷெட்டில். காயில் போலியாக இருக்குமோ? ஷெட் அண்ணன் கேட்டதை அன்று நான் கவனிக்கவே இல்லை, மன்னிக்கவும்.

ஷெட்_அண்ணன் | அடுத்த ஞாயிறு, காலை 10:41

காயிலைக் குறை சொல்லும் முன் குழியைப் பாருங்கள். என்ஜின் ஆறியதும் கழற்றி, நீளமான ஸ்க்ரூட்ரைவரை உள்ளே விட்டு, டிப்ஸ்டிக் பார்ப்பதுபோல எடுத்துப் பாருங்கள்.

மலைப்பாதை78 | அடுத்த ஞாயிறு, பகல் 1:15

அண்ணா, ஆயில்!

ஸ்க்ரூட்ரைவர் முனையிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு நனைந்து வந்தது. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்று குழிகளும் காய்ந்திருக்கின்றன. மூன்றாவதில் மட்டும் பிளக்கின் அறுகோணத் தலை ஆயிலில் மூழ்கிக்கிடக்கிறது. காயிலின் ரப்பர் பூட் (பிளக்கை மூடும் உறை) ஊறி, தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது. அதன் உட்புறம் பென்சிலால் கோடு இழுத்ததுபோல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, மேலிருந்து கீழ்வரை. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே இடத்தில் அதே கோடு.

ஷெட்டுக்குப் போன் செய்து கேட்டேன். முதல் தடவையும் ஆயில் இருந்தது, துணியை விட்டுத் துடைத்துவிட்டுத்தான் காயில் போட்டோம் என்றார்.

அளவுகோல் | அடுத்த ஞாயிறு, பகல் 1:40

அந்தக் கறுப்புக் கோடுதான் குற்றவாளி போன பாதை. ரப்பர் கெட்டதும் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பீங்கானின் மேற்பரப்பு வழியே என்ஜின் பாடிக்குத் தாவியிருக்கிறது. தாவிய இடம் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த முறை அதே வழியில் இன்னும் சுலபமாகத் தாவும். பழைய காயில் அப்படித்தான் செத்தது. கறுப்புக் கோடு விழுந்த பிளக்கை மாற்றாமல் புதுக் காயில் போட்டதால் அதன் ரப்பர் பூட்டும் ஒன்பது நாளில் அதே வழிக்கு வந்துவிட்டது. காயில் போலி இல்லை.

ஷெட்_அண்ணன் | அடுத்த ஞாயிறு, பகல் 2:10

தம்பி, வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். டாப்பெட் கவர் (என்ஜினின் மேல்மூடி) கேஸ்கெட்டும் பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் சீலும் மாற்ற வேண்டும். பழைய பிளக்கைக் கழற்றுவதற்கு முன் குழியில் உள்ள ஆயிலை முழுதும் உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் கொட்டும். நான்கு பிளக்கும் புதிது. மூன்றாம் காயிலின் பூட் மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை மாற்றினால் போதும். கிடைக்காவிட்டால் காயிலே மாற்ற வேண்டியதுதான், மனம் வருந்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று, பலர் விட்டுவிடுவது: பிசிவி வால்வு. என்ஜினுக்குள் சேரும் ஆவியை இழுத்து எரிக்க அனுப்பும் சின்ன வால்வு அது. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் சேர்ந்து, வலுவில்லாத சீல் வழியே ஆயிலைத் தள்ளும். கழற்றிக் காதருகே குலுக்குங்கள், உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும்.

நெல்லைச்சீமை | அடுத்த ஞாயிறு, மாலை 4:30

என் டீசல் வண்டியில் சுருள் கம்பி மாதிரி ஒரு லைட் மினுக்குகிறது. அதுவும் இதேதானா?

அளவுகோல் | அடுத்த ஞாயிறு, மாலை 4:52

இல்லை அண்ணா. அது குளோ பிளக் லைட். சில டீசல் வண்டிகளில் ஓடும்போது அது மினுக்கினால் என்ஜின் மேலாண்மையில் வேறு ஏதோ கோளாறு. தனி இழை தொடங்குங்கள், கோடோடு வாருங்கள்.

மலைப்பாதை78 | புதன், இரவு 9:00

வேலை முடிந்தது. இந்த முறை வேறு ஷெட், நான் பக்கத்திலேயே நின்றேன். பிசிவி வால்வைக் குலுக்கினேன், சத்தமே வரவில்லை. உள்ளே கறுப்புத் தார் மாதிரி அடைத்திருந்தது. பழைய சீல் விரலால் வளைத்ததும் பிளாஸ்டிக் போல முறிந்தது. கேஸ்கெட் செட், வால்வு, நான்கு பிளக் மூன்றும் சேர்ந்து ஒரு காயில் விலைக்குக் கொஞ்சம்தான் மேலே வந்தது. பூட் தனியாகக் கிடைத்தது.

லைட் இன்னும் நிலையாக எரிகிறது. அழித்துவிடட்டுமா?

அளவுகோல் | புதன், இரவு 9:18

அழிக்காமல் ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஃபயர் இல்லாமல் மூன்று ஓட்டச் சுழற்சி (ஸ்டார்ட் செய்து ஓட்டி அணைப்பது ஒரு சுழற்சி) முடிந்தால் இசியு தானே அணைத்துவிடும். அது உங்கள் வேலைக்குக் கிடைக்கும் சான்று. கூடவே கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்ட்டைப் பாருங்கள். முன் சென்சார் மேலும் கீழும் ஆடும்போது பின் சென்சார் அமைதியாக இருந்தால் கன்வர்ட்டர் உயிரோடு இருக்கிறது.

மலைப்பாதை78 | சனி, மாலை 5:25

நேற்று மாலை அலுவலகம் போய் வந்தபோது லைட் அணைந்தது. பின் சென்சார் 0.6, 0.7 என்று நகராமல் நிற்கிறது. கன்வர்ட்டர் சரியில்லை என்று சொல்லும் பி0420 கோடு வரவில்லை.

இன்று அதே ஐந்து பேர், அதே சாமானுடன் ஏற்காடு ஏறினோம். 11ஆவது வளைவில் இரண்டாம் கியரில் நன்றாக மிதித்தேன், ஒரு உதறல்கூட இல்லை. மேலே வந்து ஆறவைத்து மூன்றாவது குழிக்குள் ஸ்க்ரூட்ரைவர் விட்டுப் பார்த்தேன். காய்ந்து வந்தது.

ஷெட்_அண்ணன் | சனி, மாலை 6:02

சந்தோஷம் தம்பி. ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து இங்கே எழுதுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர்.